கல்லில் உரித்த நார்

வக்கீல் அம்மாள் என் வாழ்க்கையின் மேல்
பென்சிலால் ஒரு கோடு கிழித்தாள்.
அறுபத்தாறு, மே மாதம்.
"இதற்கு முன் நீங்கள் மாலுமி.
இதற்குப் பின் நீங்கள் தொழிலாளி."

நடுவில் ஒரு சனியும் ஞாயிறும் இருந்தன, அம்மா.
வெள்ளி மாலை டெவன்போர்ட்டில் சீருடையை எண்ணிக் கொடுத்தேன்.
ஒரு ஜோடி காலுறை குறைந்ததற்குக் காசு பிடித்துக்கொண்டார்கள்.
திங்கள் காலை அதே கப்பலுக்குள் இறங்கினேன்.
அதே இரும்பேணி; மூன்றாம் படி அன்றும் ஆடியது.
அதே கொதிகலன் அறை.
குழாய்களைச் சுற்றிய அதே வெள்ளைப் போர்வை,
அறுத்தால் அதே தூசு.
கப்பலும் ராணியுடையது, துறைமுகமும் ராணியுடையது.
மாறியது என் தொப்பி.

"பிந்தைய நாலு வருடம் போதும்" என்றாள்.
"முந்தைய ஏழைப் பற்றிப் பேச வேண்டாம்.
எண்பத்தேழுக்கு முன் சீருடையில் சுவாசித்தது
வழக்கில் சேராது."
சேராது.
நெஞ்சில் மட்டும் சேர்ந்திருக்கிறது
பிரிக்க வழியில்லாமல்.
எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்
எந்த இழை சல்யூட் அடிக்கிறது என்று.

அந்த ஏழு வருடத்துக்குச் சான்று
அச்சுக் குலையாமல் இருக்கிறது:
எந்தக் கப்பல், எந்த நாள்,
மால்டாவில் எந்தப் பல்லைப் பிடுங்கினார்கள் என்பது வரை.
இந்த நாலுக்கு
லவ்டே பிஸ்கட் டின்னில் தேடியெடுத்த
மூன்று சம்பளச் சீட்டு, ஒன்றில் தேநீர்க் கறை.

கல்லில் நார் உரிக்க முடியுமா என்பார்கள்.
முடியும்.
மலையைக் குடைந்து உரித்தார்கள்,
மூட்டை கட்டினார்கள், எங்கள் கையில் தந்தார்கள்.
முடியாதது இன்னொரு கல்லில்.
அது லண்டனில் இருக்கிறது,
அலுவலக நேரத்தில் தொலைபேசியை எடுக்கும்.

ஹெட்லி ட்ரெவின் உரித்துப் பார்த்தான்.
இருபத்திரண்டு வருடம் உலை வாயில் நின்ற ஸ்டோக்கர்.
வாரப் பென்ஷன் வந்தது.
பதினோரு வாரம் வந்தது.
பிறகொரு நாள் மனம் இளகி
மாலுமிக்கும் மொத்தத் தொகை தரலாம் என்றார்கள்,
இன்ன தேதிக்கு மேல் நோய் கண்டவனுக்கு.
ஹெட்லிக்கு எதிலும் அவசரம்.

டார்பாயின்ட் படகுக்கு வரிசையில் நிற்கையில்
அவன் மனைவி மெரின் என் பக்கம் வந்தாள்.
நான் சங்கிலியைப் பார்த்தேன்,
ஆற்றிலிருந்து சொட்டச் சொட்ட அது ஏறுவதை.
"எவ்வளவு தருவார்களாம், டென்சில்?"
பாதியைச் சொன்னேன்.
பாதியே அவள் வாயை அடைத்துவிட்டது.
படகு நடு ஆற்றைத் தாண்டிய பிறகு சொன்னாள்:
"அந்தப் பனிக் கதையை
எத்தனை கிறிஸ்துமஸுக்குச் சொல்லியிருக்கிறான்!"

அறுபத்தாறு, டிசம்பர்.
உதிர்ந்து கிடந்ததை ஈரம் தொட்டு உருட்டி
பனிப்பந்தாக எறிந்து விளையாடினோம்,
அவன் கடற்படைச் சட்டையில், நான் துறைமுக ஓவராலில்.
ஒன்று என் பிடரியில் வெடித்தது.
காலருக்குள் இறங்கி மூன்று நாள் முதுகு அரித்தது.
வாய் விட்டுச் சிரித்தேன்.
அதைத்தான் யோசிக்கிறேன். வாய் விட்டு.

"அவன் எறிந்ததுதான் உனக்குள் இருக்கிறதென்றால்"
மெரின் கைப்பையின் கொக்கியை மாட்டினாள்,
"அதில் எனக்கும் பங்குண்டு."
சிரித்தாளா, தெரியவில்லை.
காற்று அவள் முடியை முகத்தில் போட்டிருந்தது.

வாக்குமூலத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
டிசம்பர், அறுபத்தாறு.
எறிந்தவர்: ஹெட்லி ட்ரெவின், கடற்படை.
வக்கீல் அம்மாள் பென்சிலை எடுத்தாள்.
"இது வழக்குக்குத் தேவையில்லை."
தேவையில்லைதான்.
இருக்கட்டும், அடிக்காதீர்கள் என்றேன்.
அதைச் சொல்ல இரண்டு மூச்சு பிடித்தது.