நான்காம் பேட்ச்

மாற்ற வேண்டியது ஒரே ஒரு இலக்கம்.
கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு என்றிருப்பதை
மூன்றாக்க வேண்டும்.
அதற்குத்தான் சாட்ஸ்வர்த் ஏழாம் யூனிட்டில்
இரவு பதினொன்றுக்கு விழித்திருக்கிறேன்.

நேரம் பார்த்துச் சொல்லும் நிரலில் ஓட்டை என்று
எங்கிருந்தோ அறிக்கை வந்துவிட்டது.
வெருலத்தில் கூரைத் தொட்டிகளின் மேல்
முன்னூறு பெட்டிகள் அந்த ஓட்டையோடுதான்
தண்ணீர் மட்டம் எண்ணிக்கொண்டிருக்கின்றன.

இரண்டை மூன்றாக்கினேன்.
ஹாஷ் பொருந்தவில்லை என்றது. பொருத்தினேன்.
உரிமக் கோப்பின் ஹாஷும் பொருந்தவில்லை என்றது.
திறந்து பார்த்தால் பதிப்புரிமை வரியில்
ஆண்டு ஒன்று கூடியிருக்கிறது, வேறொன்றுமில்லை.
புத்தாண்டு பிறந்ததற்கும்
என்னிடம் கையெழுத்துக் கேட்கிற கறார் இந்தக் கருவிக்கு.

பிறகு நான்காம் பேட்ச்.
மூன்று துண்டில் இரண்டு ஒட்டவில்லை.
எழுதியவன் தவநேசன் படையாச்சி,
பெர்த்துக்குப் போய் நாலு வருஷம்.
தலையில் ஒரே குறிப்பு:
‘எடுத்துவிடாதே. காரணம் அப்புறம் எழுதுகிறேன்.’
உள்ளே ஐந்து வரி:
ஆண்டு இரண்டாயிரத்துப் பத்தொன்பதுக்குக் குறைவென்றால்
பத்தொன்பது என்றே வைத்துக்கொள்.
எந்தக் கடிகாரமடா அவ்வளவு பின்னால் ஓடும் என்று
வாய்விட்டே சிரித்தேன்.
எடுத்துவிட்டேன்.

நானூற்று முப்பத்தோரு பொதிகள்.
முன்னூற்றுத் தொண்ணூறில் தெரு இருண்டது.
லோட் ஷெட்டிங்.
இன்வெர்ட்டர் மூச்சு வாங்கி
நானூற்றுப் பன்னிரண்டு வரை இழுத்து விழுந்தது.
மின்சாரம் வந்ததும்
பாதி வெந்த ஒன்றைத் துடைத்துவிட்டு
மீதியை ஓட்டினேன்.
மேசைமேல் பலகை சமர்த்தாக எழுந்தது.
முதலில் ஒன்பது வீட்டுக்கு மட்டும் அனுப்பினேன்.
அந்த அளவுக்கு எனக்குப் பயம் உண்டு.

மறுநாள் இருட்டு வெருலத்தின் முறை.
விளக்கு திரும்பியபோது
ஒன்பது பெட்டிகளும் ஊமை.

மேசைப் பலகையில் பொத்தான் பேட்டரி இருந்தது.
கூரையில் இருப்பவற்றில் இல்லை,
பெட்டிக்குப் பதினோரு ராண்ட் மிச்சம் பிடித்த கணக்கு.
மின்சாரம் போனால் அவற்றுக்குக் காலமும் போகும்.
விழித்தால்
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று,
டர்பனில் அதிகாலை இரண்டு மணி.
எங்கள் சர்வரின் சான்றிதழ் அன்றைக்கு இன்னும் பிறக்கவில்லை.
பிறக்காதவனோடு என்ன பேச்சு என்று
வாயை மூடிக்கொண்டன.
சரிதானே.

அந்த அதிகாலையில் இந்த யூனிட்டுக்கு
எண் உண்டு, மரம் கிடையாது.
கேட்டோ மேனரிலிருந்து லாரியில் வந்த அலமாரி
தன்னைவிடக் குட்டையான சுவரோடு
இன்னும் ஒத்துப்போயிருக்காது.
அப்பாவுக்கு ஐந்து வயது.
பெட்டிக்கு அதெல்லாம் வெறும் பூஜ்யம்.

தவநேசனின் ஐந்து வரியைப்
புதிய நிரலுக்கு ஏற்றபடி அடித்துத் திருத்தி
மறுபடி நானூற்று முப்பத்தொன்று.
பேசாத பெட்டிக்கு இங்கிருந்து எதுவும் அனுப்ப முடியாது.
ஏணியும் யுஎஸ்பி குச்சியுமாய் நானே போனேன்.
ஆறாவது வீட்டில் மிஸ்டர் மூட்லி
நாயைப் பிடித்தபடி கீழிருந்து கேட்டார்:
“எவ்வளவு காலமாய்க் கெட்டுக் கிடக்கிறது?”
மடிக்கணினித் திரையில் எழுபது மினுங்கியது.
“ராத்திரியிலிருந்துதான், அங்கிள்.”
தொட்டியைத் தட்டிப் பார்த்தேன்.
அடி வரை வெற்றொலி.

வீடு வந்து பேட்சைத் திறந்தேன்.
‘அப்புறம் எழுதுகிறேன்’ என்பதை அழித்தேன்.
‘காரணம்: பெட்டியில் பேட்டரி இல்லை’ என்று முடிக்கையில்
தெரு இருண்டது.
இன்வெர்ட்டர் பிடித்துக்கொண்டது.
இன்னொரு வரிக்கு நேரமிருந்தது:
‘விலை பதினோரு ராண்ட்.’