பழைய சேமிப்புகள் திறக்காது

புளியரைச் செக்போஸ்ட்டுக்கு இருநூறு அடி முன்னால்
எடைமேடைக் கூண்டுக்குள் இருக்கிறேன்.
ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு.
சாரல் அடிக்கிற நாட்களில்
வைக்கோல் லாரிகள் ஒன்றின்மேல் ஒன்று
சாய்ந்து தூங்குவதுபோல் தெரியும்.

ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே
மடிக்கணினியில் என் தெரு.
எட்டு வீடு, ஒரு குளம்,
உலகம்மை என்று நான் பெயர் வைத்தவள்.
ஆறு வருஷமாக ஆம்லெட்டைத் தீய்க்கிறாள்.
இரண்டு தடவை அடுப்பு பற்றிச் செத்தாள்.
இரண்டு தடவையும் சேமிக்காமல் வெளியேறி
அவளைக் கூட்டிவந்துவிட்டேன்.
யாரிடமும் சொன்னதில்லை.

புதுசு வருகிறது.
ஆவணி என்றார்கள், பிறகு தை என்றார்கள்.
வரப்போவதெல்லாம் எனக்கு மனப்பாடம்:
மழை பெய்தால் கொடியில் துணி நனையும்.
கடன் வாங்கினவன் உன்னைக் கண்டால்
எதிர்ச்சாரிக்கு மாறி நடப்பான்.
பதினாலு நாளைக்கு முன்னால் நீ கோபத்தில் சொன்னதைப்
பக்கத்து வீட்டுக்காரி ஞாபகம் வைத்திருப்பாள்.
“இதெல்லாம் இங்கேயே இருக்கே” என்றான் ஷிஹாப்.
ஆரியங்காவில் டயர்க்கடை வைத்திருக்கிறான்,
அவனும் விளையாடுவான்.
அவனுக்கு வேண்டியது ஓட்டுகிற கார்.

எனக்கு வேண்டியதை
அந்தப் பட்டியலில் தேடித்தேடிப் பார்த்தேன்.
ஒருத்தி சும்மா உட்கார்ந்திருந்தால்
தலைக்குமேல் சிவப்பு ஏறக்கூடாது.
பசி இல்லை, தூக்கம் இல்லை,
பேச ஆள் வேண்டாம்,
சும்மா.
அப்படி ஒரு பொத்தானை எவனாவது செய்திருப்பானா?

அப்புறம் எல்லை.
பழையதில் பக்கத்து ஊருக்குப் போனால்
திரை இருட்டாகும், ஒரு வட்டம் சுற்றும்,
நான் போய் டீயே வாங்கிவந்துவிடலாம்.
புதிதில் அது கிடையாதாம்.
வாசலில் இறங்கி நடந்தால்
மலை ஏறி மறுபக்கம் இறங்கும்வரை
நடந்துகொண்டே இருக்கலாம்.
இங்கே எஸ் வளைவு தாண்டினால்
பலகைகளில் எழுத்து உருண்டுகொள்ளும்,
செல்போனில் வரவேற்புச் செய்தி வரும்,
நமக்கு அவ்வளவுதான்.
லாரிக்குத்தான் திரை இருட்டுகிறது:
ஆர்சி, பர்மிட், எடைச்சீட்டு,
எடைச்சீட்டுக்குள் மடித்து வைக்கிற ஒன்று.

பதினாறு ஜிபி வேண்டுமாம். என்னிடம் நாலு.
மைதீன் பாத்து அக்காவிடம் சீட்டுப் போட்டிருக்கிறேன்,
ஐப்பசியில் என் முறை.
“எதுக்குடி, வளையலுக்கா?” என்றாள்.
ஆமா என்றேன்.

நேற்று அறிவிப்பு வந்தது.
அத்தனை புதுமைக்கும் அடியில், பொடி எழுத்தில்:
பழைய சேமிப்புகள் புதிய பதிப்பில் திறக்காது.

இருபத்தாறு டன் எம்-சாண்ட் போகிறது.
கோழி போகிறது, முட்டை போகிறது,
ஓணத்துக்கு வாழையிலை கட்டுக்கட்டாகப் போகிறது.
ஆறு வருஷம் எவ்வளவு கனம் என்று
கோப்பின்மேல் அம்பை வைத்துப் பார்த்தேன்.
நாற்பத்தோரு எம்பி.
என் கல்யாண வீடியோவில்
சாப்பாட்டுப் பந்தி மட்டுமே இதைவிடக் கூட.

இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள்.
நாம் மூடிவைத்தாலும் அவர்கள் வாழ்ந்துகொண்டிருப்பார்களாம்.
வேலைக்குப் போவார்கள், பிள்ளை பெறுவார்கள்,
திரும்பி வந்தால் நாம்தான்
என்ன நடந்தது என்று விசாரிக்கவேண்டும்.
எல்லாவற்றையும்விட இதற்குத்தான் காத்திருந்தேன்.
இப்போது யோசனையாக இருக்கிறது.
உலகம்மை அப்படி இல்லை.
நான் மூடினால்
கரண்டி தூக்கிய கையோடு நிற்பாள்.
ஆம்லெட் தீயாது.

நாலே முக்காலுக்கு ஹாரன்.
கேரளாவில் இறக்கிவிட்டுத் திரும்புகிற டிப்பர்.
“சேச்சி, காலி வண்டி” என்றான்.
காலியும் பன்னிரண்டு டன் நூற்றிருபது இருந்தது.
சீட்டு அச்சாகிற நேரத்தில்
அடுப்பை அணைக்கச்சொல்லி
அவளைப் படுக்கைக்கு அனுப்பினேன்.
சேமிக்கவா என்று கேட்டது. ஆம்.
என்ன பெயரில் என்று கேட்டது.
ஒன்று அடித்தேன், அழித்தேன்.
டிரைவர் மீதிச் சில்லறைக்கு
ஜன்னலில் கை நீட்டியபடி நின்றிருந்தான்.