தையல் மிஷின் எண்ணெய்

எமரால்டு கடைவீதியில் என் பலகை
லேடீஸ் டெய்லர் என்றுதான் சொல்கிறது.
குடைக்கம்பி கொண்டுவந்தார்கள், ஜிப் கொண்டுவந்தார்கள்.
ஒருநாள் ஒருவர் ஒரு சொட்டு எண்ணெய் கேட்டு
ரீலை நீட்டினார்.
கழற்றுங்கள் பார்ப்போம் என்றேன்.
பாபின் சுற்றிய கைக்கு
அது பெரிய வித்தையில்லை.

மீன் பிடித்ததில்லை நான்.
ஆனால் யார் எங்கே போனார்கள் என்று தெரியும்.
அவலாஞ்சி என்றால் கறுப்பு மண்,
காப்பித்தூள் மாதிரி பல்லிடுக்கில்.
அப்பர் பவானி என்றால் புல் துணுக்கு.
வாரம் தவறாமல் போவேன் என்பவர் ரீலில்
சிலந்தி குடித்தனம்.

செவ்வாயன்று இத்தலார் போஜன் வந்தார்.
"கரகரங்குது அக்கா.
அவலாஞ்சியில ரெண்டு நாள் மழை, அதான்."
அவசரமில்லை என்று
மூன்று தடவை சொன்னார்.

முதலில் கழி.
கார்க் பிடியைப் பல்பொடி தொட்டுத் தேய்த்தேன்,
வியர்வை மஞ்சள் விட்டது.
மூட்டில் மெழுகுவர்த்தியால் ஓர் இழுப்பு.
வளையம் வளையமாகப் பஞ்சை நுழைத்து இழுத்தேன்.
ஐந்தாவதில் மாட்டியது.
கண்ணுக்குத் தெரியாத கீறல்.
நரம்பை அறுப்பது இதுதான்,
பழி எப்போதும் மீன் மேல்.

பிறகு ரீல். நான்கு திருகு.
கழற்றிய வரிசையிலேயே
ஊசிப்பெட்டி மூடியில் அடுக்கினேன்.
ஸ்பூலின் உதட்டில் வெள்ளையாக ஏதோ.
என் சாக்பீஸ் தூள்தான் என்று ஊதினேன், போகவில்லை.
நகத்தால் சுரண்டி
நாக்கில் வைத்தேன்.

உப்பு.

இந்த மலையில் எந்தத் தண்ணீரும் கரிக்காது.
ஓடை, அணை, குழாய்,
என் தகரக்கூரையில் வழிவது, எதுவும்.
பேரிங்கில் பச்சை பூத்திருந்தது.
கிரீஸ் தயிராகத் திரிந்திருந்தது.
கியர் பல்லில் ஒரே ஒரு மணல்,
பல்பு வெளிச்சத்தில் மினுக்கியது.

எதிரே ஹேங்கரில் மிச்சியின் ரவிக்கை,
கொக்கி மட்டும் பாக்கி.
கை அளவு கொடுக்கும்போது சொன்னாள்:
"அவலாஞ்சியில டவரே இல்லியாம் அக்கா,
ரெண்டு நாளா வீட்டுக்காரர் பேசவேயில்ல."

எந்தக் கடல்? யாரோடு?
நான் பார்த்ததில்லை கடலை.
தலைமன்னாரில் கப்பலேறி அம்மா
வாந்தியெடுத்தபடியே கடந்தாள்.
நானும்தான் கடந்தேன்,
அவள் வயிற்றுக்குள் கண்மூடி.
அந்தச் சேலையை எத்தனை அலசியும்
ஒரு மாதம் மொரமொரவென்றிருந்ததாம்.

உப்பின் மேல் எண்ணெய் விட்டால்
உப்பு உள்ளேயே பத்திரமாக இருந்து தின்னும்.
முதலில் நல்ல தண்ணீர், வெதுவெதுப்பாக.
ஒரு இரவு ஊறியது.
கிண்ணத் தண்ணீரை டேலியாவுக்கு ஊற்றமுடியாது,
சாக்கடையில் ஊற்றவும் மனம் வரவில்லை.
மேஜைக்கடியில் தள்ளிவைத்தேன்.
மண்ணெண்ணெய், பழைய டூத்பிரஷ்.
இஸ்திரிப் பெட்டியின் மிச்சச் சூட்டில் காயவிட்டேன்.
பல்லுக்குப் புது கிரீஸ், மிளகளவு.
பேரிங்குக்கு மிஷின் எண்ணெய், ஒரே சொட்டு.
கைப்பிடியைச் சுண்டினேன்.
பதினாறு சுற்று, சத்தமேயில்லை.

சனிக்கிழமை வந்தார்.
"இறுக்கத்தைத் தளர்த்தியே வைங்க,
இல்லாட்டி உள்ளே ஃபெல்ட் அமுங்கிடும்.
வந்ததும் நல்ல தண்ணியில அலசுங்க.
அவலாஞ்சித் தண்ணி
இப்பல்லாம் ரொம்பக் கரிக்குது."

என்னைப் பார்த்தார், ரவிக்கையைப் பார்த்தார்.
மஃப்ளருக்கு வெளியே காது மட்டும் சிவந்தது.
ரோட்டில் ஊட்டி பஸ் போய்முடியும்வரை
இருவரும் பேசவில்லை.

யாரோடு என்று கேட்கத்தான் வாயெடுத்தேன்.
எப்படி இருந்தது என்று வந்துவிட்டது.

"சத்தம் அக்கா," என்றார்.
"ராத்திரி முழுக்க நிறுத்தவேயில்ல.
மீன் ஒண்ணும் மாட்டல.
அப்படியே உக்காந்திருந்தேன்."

ரீலுக்கு நூற்றைம்பது,
ரவிக்கைக்குத் தனி என்றேன்.
இரண்டையும் ஒரே பையில் வாங்கிக்கொண்டு
படியிறங்கினார், கழி தோளில்.

ஐந்தாவது வளையத்தைப் பற்றிச் சொல்ல
மறந்துவிட்டேன்.