ஆணியில் தொங்கும் குழாய்

மான்டெரேயில் அந்த ஆண்டு
காலை பத்து மணிக்குமேல் தண்ணீர் வராது.
ஆட்டுக்குட்டி சுடும் எங்கள் ஓட்டலில்
தரைக்கு முறை வரும்போது இரவு பதினொன்றரை.

பொய் சொல்வானேன்,
ரப்பர் குழாய் எனக்குப் பிடித்திருந்தது.
கட்டைவிரலால் வாயை நெரித்தால் சீறும்.
வெங்காயத் தோல், எலும்புச் சில்லு, கொழுப்பு,
அன்றைக்கு நான் வாங்கிய வசவு,
எல்லாம் ஒரே ஓட்டமாய்ச் சாக்கடைக்கு.
எத்தனை வாளி என்று யார் எண்ணினார்கள்?

முதலாளியம்மா ஓதிலியா எண்ணினாள்.
குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டி
கழுத்தில் கம்பி சுற்றிவிட்டாள்.
துடைப்பம், சுரண்டி,
ரப்பர் நாக்கு வைத்த தள்ளுகட்டை,
ஒரே ஒரு வாளி.
"இதற்குள் முடி, ரெஃபுகியோ."

முதல் வாரம் முட்டிபோட்டுச் சுரண்டினேன், திட்டிக்கொண்டே.
உறைந்த கொழுப்பு மெழுகாய்ச் சுருண்டு வந்தது.
சுரண்டிக் கூட்டி அள்ளியபின்
மிச்ச அழுக்குக்கு அரை வாளி போதும்
என்பதை அவளிடம் சொல்லவில்லை.

காய் நறுக்கும் பெண் நின்ற இடத்தில்
கொத்தமல்லிக் காம்பு ஒரு பிடி.
பாத்திரத் தொட்டிக்குக் கீழே
சூரியகாந்தி விதைத் தொலி, திருட்டுத்தீனி.
அடுப்புக்கு முன்னால், ஃபெர்மின் நிற்கும் இடத்தில்,
உப்பு.
மறுநாளும் உப்பு.
மூன்றாம் வாரம் கைப்பிடி உப்பு,
வலப்பக்கம் மட்டும்,
விசிறியடித்தாற்போல.

இருபத்தாறு ஆண்டாய் உப்புப் போடும் கை.
எத்தனை மாதமாய் நடுங்குகிறதோ.
ராத்திரிக்கு ராத்திரி
நான்தான் அதைத்
தண்ணீர் அடித்துத் துரத்தியிருக்கிறேன்.

கேட்கவில்லை.
ஓதிலியா கணக்கை மூடிவிட்டு உள்ளே வருமுன்
அவர் இடத்தை முதலில் கூட்டினேன்.

ஓர் இரவு, சட்டை மாற்றியபின்னும்
அவர் போகவில்லை.
முறத்தைப் பார்த்தார்.
வலக்கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.
"வாளியில் மிச்சமிருக்கிறதா?"
"பாதி."
"கொட்டிவிடாதே,"
என்று இடக்கையால் ஒரு தட்டை எடுத்து
மூடி வைத்துவிட்டுப் போனார்.

செப்டம்பரில் மழை.
இரவிலும் தண்ணீர் வருகிறது.
ஓதிலியா கம்பியை அவிழ்த்துவிட்டாள்.
ஃபெர்மின் இப்போது இடக்கையால் உப்புப் போடுகிறார்;
கறி கொஞ்சம் கரிக்கிறது,
யாரும் சொல்வதில்லை.

அந்தச் சீறலைக் கேட்க
இன்னும் ஆசையாகத்தான் இருக்கிறது.
தொங்கட்டும்.
கூட்டிவிட்டு வருகிறேன்.