வினைச்சொல் ஒன்று

பதினேழு நாளாய் ஒரே வினைச்சொல்லில் நிற்கிறோம்.
"ஒப்படைக்கிறோம்" என்று எழுதச் சொல்கிறது அரசுத் தரப்பு.
"கீழே வைக்கிறோம்" என்கிறாள் தெயானிரா.
"ஒப்படைக்கிறவன் தோற்றவன்.
கீழே வைக்கிறவனுக்குக் கை வலிக்கிறது,
அவ்வளவுதான்."

நான் குறிப்பெடுப்பவன்.
ஹவானாவில், கடல் பார்த்த இந்த வீட்டில்
காற்புள்ளிகளுக்குக் காவல் இருப்பது என் வேலை.
அன்றைய அறிக்கையில் எழுதினேன்:
மொழி சார்ந்த சில கருத்து வேறுபாடுகள் நீடிக்கின்றன.
அன்று விடியலில்தான்
காக்கெத்தாவில் ஒரு பாலத்தடியில்
நான்கு சிப்பாய்கள், ஒரு கோவேறு கழுதை.
கழுதையையும் எழுதியிருந்தேன்.
அடித்துவிடச் சொன்னார்கள்.

ஜெனரல் புஸ்தோஸுக்கு ஏசி ஆகாது.
தெயானிராவுக்குத் திறந்த ஜன்னல் ஆகாது;
முப்பது வருஷக் காட்டுப் பழக்கம்.
மதியம் வரை ஜன்னல், பிறகு ஏசி என்று
ஒரு காகிதத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டார்கள்.
எங்கள் முதல் ஒப்பந்தம் அது.
இன்றுவரை மீறப்படாததும் அது ஒன்றுதான்.

பதினெட்டாம் நாள்
காணாமல்போனோர் பட்டியல் வந்தது.
அறுபத்திரண்டு பக்கம், பொடி எழுத்து.
தெயானிரா தாளைத் தள்ளிப் பிடித்தாள், கிட்டே பிடித்தாள்.
ஜெனரல் தன் கண்ணாடியைக் கழற்றி
யாரையும் பார்க்காமல்
மேசைமேல் நகர்த்தினார்.
போட்டுக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை.

நாற்பதாம் பக்கத்தில் விரல் நின்றது.
"இந்தப் பையன், ஆர்ஹெமிரோ.
ஆற்றுக்கு மேற்கே, மூன்று ரப்பர் மரம் நிற்குமே, அங்கே.
குழி வெட்டச் சொன்னது நான்தான்."

யாருடைய பென்சிலோ உருண்டு விழுந்தது.
யாரும் குனியவில்லை.
வரைபடம் கேட்டாள். விரித்தோம்.
கண்ணாடியில்லாத ஜெனரல்
எட்ட நின்று வெகுநேரம் பார்த்தார்.
"அதே ஆற்றுக்குக் கிழக்கே
எங்களுடையவை இருக்கின்றன" என்றார்.
எங்களுடையவை என்றால்
எங்கள் ஆட்களா, எங்கள் குழிகளா?
தெளிவு கேட்டிருக்க வேண்டும்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
கேட்கவில்லை.

வினைச்சொல் இன்னும் முடியவில்லை.
கண்ணாடி இன்னும் அவளிடம்தான்.
நகலில் அந்த இடத்தில் கோடு போட்டு விட்டிருக்கிறேன்:
ஆயுதங்களை ________.
இரவில் அறையில் தனியே நிரப்பிப் பார்க்கிறேன்.
துறக்கிறோம். தொலைக்கிறோம். இறக்கிவைக்கிறோம்.
புதைக்கிறோம்.

கடைசியை உடனே அடித்தேன்.
அந்தச் சொல்
இணைப்பு இரண்டில்
ஏற்கெனவே வந்துவிட்டது.