நானூறு கிராம்

பெருந்துறை ரோட்டு மண்டபத்து வாசலில்
நாங்கள் ஐந்து பேர்.
ஒரே பட்டு, ஒரே உயரம்,
இடுப்புக்குக் கீழே நாலு விரல், ஒரே சடை.
கோகிலமணி அக்கா டேப் வைத்து அளப்பாள்.
என் சொந்த முடி தோளோடு நின்றுவிடும்.
மீதி அவள் பையிலிருந்து வரும்.

ஒரு நாள் அந்த மீதியை
மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்.
நானூறு கிராம். பூ இல்லாமல்.
பொட்டலத்தைப் பார்த்துக் கடைக்காரர்
"கறிங்களா கண்ணு?" என்றார்.

வலிச்சாத்தான் நிக்கும் என்பாள் அக்கா.
காதுக்கு மேலே எல்லாவற்றையும் வழித்து இழுத்து
கறுப்பு நூலால் வேரோடு முடிவாள்.
புருவம் தானே மேலேறும்.
சிரிக்க அப்புறம் மெனக்கெட வேண்டியதில்லை,
தோல் பார்த்துக்கொள்ளும்.
"ஒறம்பரையெல்லாம் வாங்க, வாங்க"
பன்னீர்ச் சொம்பு சாயலாம்,
தலை சாயக் கூடாது.

வைகாசியில் பதிமூன்று முகூர்த்தம்.
ராத்திரி வரவேற்பு, விடிய நாலரைக்குத் தாலி.
நடுவில் அவிழ்த்தால் மறுபடி கட்ட ஒரு மணி நேரம்.
அதனால் சடையோடே குப்புறப் படுப்போம்
ஜமுக்காளத்தில், கயிறு கழற்றாத கன்றுகள் மாதிரி.
அரித்தால் ரீஃபில் முனையை உள்ளே விட்டுச் சொறிவோம்.
வேர்வையில் ஊறிய சவுரி
நனைந்த சாக்காக நாறும். மேலே மல்லிகை.
போன வாரம் இது யார் தலையில் இருந்தது என்று
கேட்டுக்கொள்வதில்லை.
பேன் வந்தபோது மட்டும் கேட்டோம்.

முதலில் காதோரம் பரு, நுனியில் சீழ்.
பிறகு சீப்பில் முடி,
ஒவ்வொன்றின் அடியிலும் ரவை அளவு வெள்ளைக் குமிழ்.
பிறகு ஒரு ராத்திரி பஸ் ஜன்னலில் என் நெற்றி,
யாரோ அளந்து, கல்லைப் பிடுங்கி
நாலடி தள்ளி நட்டுவிட்ட மாதிரி.

தோல் டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.
"எண்ணெய் ஏதாச்சும் இருக்குங்களா?" என்றேன்.
"எண்ணெய் இருக்கு. இழுக்கிறதுக்குத்தான் மருந்தில்ல.
இங்க பூனைமுடி தெரியுது, விட்டா வளரும்.
இந்த ஓரம் பளபளன்னு இருக்கு பாரு,
இங்க சந்தேகம்."

பதிமூன்றை எழுநூறால் பெருக்கினால்
ஒன்பதாயிரத்து நூறு.
செமஸ்டர் பணம் போக முந்நூறு மிச்சம்.
டாக்டருக்குக் கொடுத்தது முந்நூற்றைம்பது.
அடுத்த செமஸ்டர் என்று ஒன்று இருக்கிறதே,
மறுபடி போனேன்.

ஆவணி, முதல் முகூர்த்தம், கோபி.
மேடையில் இணைச்சீர் நடந்துகொண்டிருந்தது.
பூத்தட்டோடு மணமகள் அறைக்குள் நுழைந்தேன்.
பாட்டரி விசிறியும் அவளும் மட்டும்.
சவுரிமேல் தைத்த பூச்சடை,
என்னுடையதைப் போல மூன்று மடங்கு இருக்கும்.
அதன் பாரத்தைச் சுவரில் சாய்த்து, கண்ணை மூடியபடி
"அக்கா, இதக் கொஞ்சம்" என்றாள்.
அதற்கு மேல் சொல்லவில்லை.
அவள் காதோரத்தில் என் பரு.

நாலு ஊசி உருவினேன்.
நூலை ஒரு சுற்று விட்டுக்கொடுத்தேன்.
புருவம் இறங்கி அதன் இடத்தில் உட்கார்ந்தது.
முகத்துக்குக் களைப்பு வந்தது.
அழகாகத்தான் இருந்தாள்.

எண்ணூறு பேர் அட்சதை போட்டார்கள்,
சாப்பிட்டார்கள், போனார்கள்.
போட்டோக்காரர் மட்டும்
"சடை ஒரு இஞ்ச் எறங்கியிருக்குங்க" என்றார்.
யாரும் காதில் வாங்கவில்லை.

"உன்னுதும் தொங்குது" என்று
கோகிலமணி அக்கா ஐம்பது ரூபாய் பிடித்துக்கொண்டாள்.
இனிக் கூப்பிடுவாளா தெரியாது.
சவுரியை மடித்து அவள் பையில் போட்டேன்.

கவுந்தப்பாடி தாண்டும்போது
காற்று முடிக்குள் வந்து போனது.
கட்டியிருந்தபோதைவிட அவிழ்த்த பிறகுதான்
வேரெல்லாம் வலித்தது.
டிரைவருக்கு மேலே கண்ணாடியில்
அந்த ஓரம் மட்டும் மினுங்கியது,
பன்னீர் தெறித்த மாதிரி.
கைக்குட்டை எடுத்துத்
துடைத்துப் பார்த்தேன்.