கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

கேள்விகள் எனக்குத் தெரியாது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
முதுகுகளைப் பார்ப்பது என் வேலை.

யெரெவானில், செருப்புக் கடைக்கு மேல்மாடி.
ஏழு கணினிகள்.
பையைக் காலி செய்யச் சொன்னால்
அர்ப்பினே மூன்று உலர்ந்த ஆப்ரிகாட்டுகளை
என் மேசையில் வைத்தாள்.

சரியென்றால் ஒரு படி ஏற்றும்,
தப்பென்றால் இறக்கும்.
பாதி சரி, பாதி தப்பு என்று
ஆள் தள்ளாடும் படியைத்
தேடிக்கொண்டே இருக்கும்.
அந்தப் படிதான் மதிப்பெண்.
எத்தனை சரி என்பதல்ல.
இதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

வாகன் சிரித்தபடி வந்தான்:
"போகப் போக லேசாகிவிட்டது!"
நான் அச்சுப்பொறியைப் பார்த்துக்கொண்டேன்.

என் திரையில் எண் மட்டும்தான்.
அர்ப்பினே, பதினேழு.
நான்கு நிமிடம் நகரவில்லை.

"குழந்தைக் கணக்கு அது.
விழுந்துவிட்டேன் என்று நினைத்தேன்" என்றாள்,
கண் சிவந்து.
"அப்புறம் எல்லாம் கல். பாதி குருட்டாம்போக்கு."

மதிப்பெண்ணே சேராத ஒத்திகைக் கேள்விகள்
நடுநடுவே உண்டு.
பதினேழு அதுதானா, எனக்கும் தெரியாது.

தாளைக் கவிழ்த்துக் கொடுக்கவேண்டும், விதி.
கவிழ்த்துக் கொடுத்தேன்.

மாடிப்படிகளை
இரண்டிரண்டாக இறங்குகிற சத்தம்.
ஆப்ரிகாட்டுகள் இன்னும் என் மேசையில்.